சூடேறிய பாறை வெப்பத்தை எளிதில் விடாது: இமயமலைக் கிரானைட்டும் பாதியாகக் குறைந்த ஓர் எண்ணும்

மனாஸ்லு, மகாலு, ஷிஷாபங்மா ஆகிய மூன்று சிகரங்களும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. மூன்றிலும் பெரும்பங்கு வகிப்பது ஒரே வகைப் பாறை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், வெள்ளை மைக்கா, அங்கங்கே கறுப்பு டூர்மலின் ஊசிகள் கொண்ட வெளிர்நிறக் கிரானைட் அது. நேபாள-திபெத் எல்லையை ஒட்டிக் கிழக்கு மேற்காக இந்தக் கிரானைட் திட்டுத்திட்டாக நீள்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் வயது 2.4 கோடி முதல் 1.5 கோடி ஆண்டுகள். பூமியின் 450 கோடி ஆண்டு வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் மிக இளைய பாறை.

கிரானைட் இருக்கிறது என்றால் ஒரு காலத்தில் அங்கே உருகிய குழம்பு இருந்தது என்று பொருள். அந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? மேலோட்டுக்குக் கீழே உள்ள ஆழத்து மேன்டிலிலிருந்து வரவில்லை என்பதை அதன் ஐசோடோப்புகளே காட்டிவிட்டன. பழைய கடலடிச் சேறு களிப்பாறையாகி, மண்ணுக்கடியில் புதைந்து மைக்கா நிறைந்த சிஸ்ட் பாறையாக உருமாறி, பிறகு அதுவே உருகியதால் வந்த குழம்பு இது. வெள்ளை மைக்கா சிதைந்து பாறை உருகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 700 முதல் 750 டிகிரி செல்சியஸ் தேவை.

சிக்கல் இங்கேதான். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். மோதலில் மேலோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தடித்தது. மேலே இருந்த குளிர்ந்த பாறை கீழே போனது. அது சூடேற வேண்டும், ஆனால் சூடேற்ற யாரும் வரவில்லை. மேன்டிலிலிருந்து பெருமளவு பசால்ட் குழம்பு ஏறிவந்து வெப்பம் கொடுத்ததற்கான தடயம் இந்தக் கிரானைட் பட்டையில் இல்லை. அப்படியானால் மேலோடு தன் சொந்த வெப்பத்திலேயே உருகியிருக்க வேண்டும். அவ்வளவு வெப்பம் அதனிடம் எப்படிச் சேர்ந்தது?

இதற்குப் பல விடைகள் வந்தன. 1975-இல் பாத்ரிக் லு ஃபோர் சொன்ன விளக்கத்தில் நீர் முக்கியப் பங்கு வகித்தது. முதன்மை மத்திய உந்துபிளவு என்ற, இமயமலை நெடுக ஓடும் பெரும் பிளவின் வழியே சூடான பாறைத் தகடு குளிர்ந்த பாறையின் மேல் ஏறுகிறது. கீழே இருப்பது சூடாகித் தன் நீரை வெளியேற்ற, அந்த நீர் மேலே போய் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறைகளில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் வழக்கத்தைவிட மிகுதியாக இருந்திருக்கும் என்றனர் வேறு சிலர். பாறைகள் உரசி நகர்ந்ததில் பிறந்த வெப்பம் என்றும், மேலிருந்த பாறை அரித்துப் போனதால் அழுத்தம் குறைந்து உருகியது என்றும் கருத்துகள் உண்டு.

இந்த விவாதம் முழுவதும் வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியே நடந்தது. வந்த வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே போகும் என்பதை யாரும் பெரிதாகக் கிளறவில்லை. அதற்குத்தான் ஓர் எண் ஏற்கெனவே இருந்ததே!

ஒன்று என்ற எண்

பாறையின் வெப்பத்தைப் பேசும்போது இரண்டு அளவுகள் வரும். ஒன்று வெப்பக் கடத்துத்திறன். ஒரு பாறையின் இரு பக்கங்களுக்கும் வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது எவ்வளவு வெப்பம் ஊடே ஓடும் என்பதை அது சொல்லும். மற்றொன்று வெப்பப் பரவுதிறன். ஓரிடத்தில் வெப்பநிலை மாறினால் அந்த மாற்றம் எவ்வளவு வேகமாகப் பக்கத்துக்குப் பரவும் என்பதை இது சொல்லும். கடத்துத்திறனை அடர்த்தியாலும் தன்வெப்ப ஏற்புத்திறனாலும் வகுத்தால் பரவுதிறன் கிடைத்துவிடும். நிறைய வெப்பத்தை விழுங்கிக்கொண்டு மெல்லச் சூடாகும் பொருளில் மாற்றம் மெதுவாகவே பரவும். வகுப்பதன் காரணம் அதுதான்.

மேலோட்டின் வெப்ப வரலாற்றைக் கணினியில் போட்டுப் பார்த்த மாதிரிகளில் பெரும்பாலானவை பரவுதிறனை வினாடிக்கு 1 சதுர மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டன. கடத்துத்திறனுக்கும் 3 முதல் 5 வரையிலான ஒரு மாறாத மதிப்பு, மீட்டர்-கெல்வினுக்கு வாட் என்ற அலகில். மேற்பரப்பில் இருந்தாலும் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தாலும் அதே எண்தான்.

வினாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 31.6 சதுர கிலோமீட்டர். வர்க்கமூலம் எடுத்தால் 5.6 கிலோமீட்டர். அதாவது பத்து லட்சம் ஆண்டில் வெப்பம் பாறைக்குள் கடக்கும் தூரம் தோராயமாக அவ்வளவுதான். 10 கிலோமீட்டர் தடிமனைக் கடக்க 32 லட்சம் ஆண்டு பிடிக்கும். பரவுதிறன் பாதியானால் இது 63 லட்சம் ஆண்டாக நீளும். மலை உருவாகும் வேகத்தோடு போட்டி போடும் அளவு பெரிய வித்தியாசம் இது. மேலே உள்ள பாறை அரித்துப் போவதற்குள் கீழே இருப்பது உருகுமா உருகாதா என்பதே இதில் முடிவாகிவிடும்.

சூடேறினால் பாறையின் கடத்துத்திறன் குறையும் என்பது பழைய செய்தி. 1911-இல் ஆர்னால்ட் ஆய்க்கன் படிகங்களை அளந்து, அவற்றின் கடத்துத்திறன் கெல்வின் வெப்பநிலைக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் குறைவதைக் காட்டினார். 1940-இல் ஹார்வர்டில் ஃபிரான்சிஸ் பர்ச்சும் ஹாரி கிளார்க்கும் பாறைகளிலேயே அதை அளந்து வெளியிட்டார்கள். அப்படியிருந்தும் மாறாத எண் மாதிரிகளில் தங்கிவிட்டது. சோம்பல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. உயர் வெப்பநிலையில் கிடைத்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நம்பி ஒரு சமன்பாட்டை எழுதும் நிலையில் தரவு இல்லை.

பாறைக்குள் வெப்பம் நகரும் விதம்

பாறை மின்காப்புப் பொருள். உலோகத்தில் இருப்பதுபோல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் கட்டற்ற எலக்ட்ரான்கள் அதில் இல்லை. வெப்பம் அணுக்களின் அதிர்வாகவே நகர்கிறது. அந்த அதிர்வலைகளைத் துகள்கள்போல எண்ணிக் கணக்கிடுவது இயற்பியலில் வழக்கம். அவற்றுக்கு ஃபோனான் என்று பெயர். ஒரு ஃபோனான் இன்னொன்றோடு மோதித் திசைமாறும்வரை எவ்வளவு தூரம் போகிறது என்பதே பரவுதிறனை முடிவுசெய்கிறது.

வெப்பநிலை ஏற ஏற ஃபோனான்கள் பெருகும். மோதல் அதிகமாகும். ஒவ்வொன்றும் போகும் தூரம் சுருங்கும். ஆய்க்கன் கண்ட எதிர்விகிதத்துக்கு இதுவே காரணம். 1929-இல் ருடால்ஃப் பைர்ல்ஸ் இந்த மோதல்களின் கணக்கைத் தெளிவாக எழுதினார்.

ஆனால் அந்தத் தூரம் சுழியம்வரை சுருங்க முடியாது. அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையிலான இடைவெளியின் அளவுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் சுருங்க இடமில்லை. எனவே போதுமான சூட்டில் பரவுதிறன் சரிவதை நிறுத்திக் கிட்டத்தட்டச் சமமாகிவிடும் என்று எதிர்பார்க்கலாம். அந்தச் சமதளம் எந்த மதிப்பில், எந்த வெப்பநிலையில் வருகிறது என்பதுதான் மேலோட்டு ஆய்வுக்கு வேண்டிய விடை. கோட்பாடு அதைத் துல்லியமாகச் சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதில் இருந்த இரண்டு பிழைகள்

பழைய முறையில் பாறை வில்லையைக் கடத்துத்திறன் தெரிந்த இரண்டு தண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. நடுவில் வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் கணக்கு கிடைக்கும். எளிய, நேர்மையான முறை. அறை வெப்பநிலைக்கு அருகில் நன்றாகவே வேலை செய்யும்.

சூடேற்றும்போது இரண்டு கோளாறுகள் தலைகாட்டும். முதலாவது, தொடும் இடம். எவ்வளவு மெருகேற்றினாலும் பாறையும் உலோகமும் முழுமையாக ஒட்டாது. இடையில் இருக்கும் நுண்ணிய வெற்றிடங்கள் வெப்பத்தைத் தடுக்கும். இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் சூட்டில் அந்தத் தொடர்பு இன்னும் மாறும். இதனால் அளவீடு உண்மையைவிடக் குறைவாக வரும்.

இரண்டாவது கோளாறு நுட்பமானது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஓரளவு ஒளி ஊடுருவும் கனிமங்கள். சூடான பக்கத்திலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர் பாறைக்குள் எங்கும் நிற்காமல் நேராகக் குளிர்ந்த பக்கத்துக்குப் போய்விடும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லையில் இது நடக்கும். கிலோமீட்டர் கணக்கான மேலோட்டில் நடக்காது, அங்கே அந்தக் கதிர் கொஞ்ச தூரத்திலேயே விழுங்கப்பட்டுவிடும். ஆக, ஆய்வகத்தில் மட்டுமே இருக்கும் ஒரு குறுக்குவழி அளவீட்டைக் கூட்டிக் காட்டுகிறது. சூடு ஏற ஏற இந்தப் பிழையும் பெரிதாகும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்த சூட்டில் ஒரு பிழை மதிப்பைக் கீழே இழுக்கிறது. உயர்ந்த சூட்டில் இன்னொன்று மேலே தூக்குகிறது. உண்மையான செங்குத்துச் சரிவு அளவீட்டில் தட்டையாகத் தெரியும். மாறாத எண் ஒன்றை வைத்துக்கொள்வது அவ்வளவு மோசமில்லை என்ற நினைப்பு இப்படித்தான் நிலைத்தது என்று நான் கருதுகிறேன்.

லேசர் ஒளிவீச்சு முறை

தீர்வு புவியியலிலிருந்து வரவில்லை. 1961-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கடற்படையின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வகத்தில் பார்க்கர், ஜென்கின்ஸ், பட்லர், அபட் என்ற நால்வர் ஒரு முறையை வெளியிட்டார்கள். மெல்லிய வில்லையின் ஒரு முகத்தில் செனான் விளக்கின் ஒரு நொடிப்பொழுது ஒளியைப் பாய்ச்சுவது, மறுமுகத்தின் வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று பார்ப்பது. அவ்வளவுதான். செனான் விளக்கின் இடத்தில் பிற்பாடு லேசர் வந்தது.

இந்த முறையின் அழகு என்னவென்றால், எவ்வளவு வெப்பம் உள்ளே போனது என்று தெரிய வேண்டியதில்லை. மறுமுகம் எத்தனை டிகிரி ஏறியது என்றும் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. ஏற வேண்டிய உயரத்தில் பாதியை எட்ட எவ்வளவு நேரம் ஆனது என்பது மட்டும் போதும். தடிமனின் வர்க்கத்தை 0.1388-ஆல் பெருக்கி, அந்த நேரத்தால் வகுத்தால் பரவுதிறன் வந்துவிடும். நேரத்தை அளப்பது மனிதன் மிக நன்றாகச் செய்யும் வேலைகளில் ஒன்று. தொடாமலே அளப்பதால் தொடும் இடத்தின் கோளாறு அடியோடு ஒழிந்தது. மறுமுகத்தை அகச்சிவப்பு உணர்கருவி தூரத்திலிருந்தே பார்க்கிறது. வில்லை முழுவதும் உலைக்குள் இருப்பதால் வேண்டிய வெப்பநிலைக்கு ஏற்றி அங்கே நிறுத்தி அளக்கலாம்.

ஒளி ஊடுருவும் கோளாறு? வில்லையின் இரு முகங்களிலும் கிராஃபைட் பூசுவார்கள். லேசர் அந்தப் பூச்சிலேயே நின்றுவிடும். அதையும் மீறி, சூடேறிய பூச்சிலிருந்து கிளம்பும் கதிர் கனிமத்தினூடே பாய்ந்தால் அது காலத்தில் தனியாகத் தெரியும். கதிர் ஒளியின் வேகத்தில் போவதால் லேசர் பாய்ந்த அதே கணத்தில் வரைபடத்தில் ஒரு திடீர் ஏற்றம் வரும். அதிர்வாக வரும் வெப்பம் அதற்குப் பிறகுதான் மெல்ல ஏறும். இரண்டையும் பிரித்துவிடலாம். பழைய முறையில் இப்படிப் பிரிக்க வழியே இல்லை.

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஹோஃப்மைஸ்டர் இந்த முறையைக் கனிமங்களுக்குக் கொண்டுவந்து பல ஆண்டுகள் உழைத்தவர். அவரும் மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஆலன் விட்டிங்டன், பீட்டர் நபெலெக் ஆகியோரும் சேர்ந்து மூன்று வகை மேலோட்டுப் பாறைகளை அளந்து 2009 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அளவீட்டின் துல்லியம் கூட்டல் கழித்தல் இரண்டு சதவீதம். இந்தத் துறையின் உயர் வெப்பநிலை அளவீடுகளுக்கு அதுவரை பழகிப்போன நிச்சயமின்மையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

கிடைத்த எண்கள்

அறை வெப்பநிலையில் அந்தப் பாறைகளின் பரவுதிறன் வினாடிக்கு 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர். நடு மேலோட்டின் வெப்பநிலையில் அது 0.5-ஐ நெருங்கியது. எல்லோரும் நம்பிய 1 என்ற எண் மேற்பரப்புக்குக் குறைவு, ஆழத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். உருகுதல் நடக்கும் ஆழத்தில்தான் பிழை கூடுதலாக உறைக்கிறது.

அவர்கள் கொடுத்த சராசரிச் சமன்பாடு எளிமையானது. 846 கெல்வின் வரை 567.3-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து 0.062-ஐக் கழிக்க வேண்டும். அதற்கு மேல் 0.732-இலிருந்து, வெப்பநிலையை 0.000135-ஆல் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் 25 டிகிரி செல்சியஸில் 1.84, 300 டிகிரியில் 0.93, 500 டிகிரியில் 0.67, 800 டிகிரியில் 0.59 என்று வரும். முதல் ஐந்நூறு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டு, அப்புறம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் வில்லையில் வெப்பம் பாதி உயரத்தை எட்டும் நேரமாகச் சொன்னால், அறை வெப்பநிலையில் 0.075 வினாடி எடுத்தது 800 டிகிரியில் 0.24 வினாடியாகிறது.

846 கெல்வின் என்பது 573 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் குவார்ட்ஸின் அணு அமைப்பு ஆல்ஃபா வடிவிலிருந்து பீட்டா வடிவுக்கு மாறும். குவார்ட்ஸ் சாதாரணப் பாறைக் கனிமங்களில் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது. அறை வெப்பநிலையில் அதன் கடத்துத்திறன் ஃபெல்ட்ஸ்பாரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். படிகத்தின் நெட்டச்சு வழியே போனால் இன்னும் கூடுதல். கிரானைட்டும் சிஸ்ட்டும் குளிர்ந்திருக்கும்போது நன்றாகக் கடத்துவது குவார்ட்ஸால்தான். சூடேறும்போது மிக வேகமாக அந்தத் திறனை இழப்பதும் அதே குவார்ட்ஸ்தான். 573 டிகிரியைத் தாண்டியதும் மேலோட்டுப் பாறையின் பரவுதிறன் மேன்டில் பாறைக்கு நிகராகிவிடுகிறது.

கடத்துத்திறன் அவ்வளவு விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூடேறும்போது தன்வெப்ப ஏற்புத்திறன் உயர்கிறது. அவர்களின் சமன்பாட்டின்படி கிலோகிராம்-கெல்வினுக்கு 760 ஜூல் அளவில் தொடங்கி 573 டிகிரிக்கு அருகில் 1,190-ஐ எட்டுகிறது. அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2,700 கிலோகிராம் என்று வைத்து நான் பெருக்கிப் பார்த்ததில் கடத்துத்திறன் 3.8-இலிருந்து 2-க்கு இறங்குகிறது. பரவுதிறன் மூன்றில் ஒன்றாகும் இடத்தில் கடத்துத்திறன் பாதியாகிறது. பாதி என்பதும் சின்ன மாற்றமில்லை.

மலைக்குள் இது என்ன செய்யும்

முதன்மை மத்திய உந்துபிளவு போன்ற இடத்தில் பாறைகள் சில கிலோமீட்டர் தடிமனுள்ள சறுக்கு மண்டலத்தில் அறுபட்டு நகர்கின்றன. அங்கே பிறக்கும் வெப்பம், தகைவையும் உருக்குலையும் வீதத்தையும் பெருக்கினால் வரும். 50 மெகாபாஸ்கல் தகைவு, வினாடிக்குப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு உருக்குலைவு என்று வைத்துக்கொண்டால் கன மீட்டருக்கு 5 மைக்ரோவாட் கிடைக்கும். சாதாரணக் கிரானைட் கதிரியக்கத்தால் தரும் 2 முதல் 3 மைக்ரோவாட்டைவிட இது அதிகம்.

மண்டலத்தின் தடிமன் 3 கிலோமீட்டர், ஆழம் 25 கிலோமீட்டர் என்று கொண்டு ஒரு மேலோட்டமான கணக்குப் போடலாம். பிறக்கும் வெப்பம் முழுவதும் மேல்நோக்கி வெளியேறி, எல்லாம் சமநிலைக்கு வந்துவிட்டால், கடத்துத்திறன் 3 ஆக இருக்கும்போது அந்த ஆழத்தின் வெப்பநிலை 125 டிகிரி கூடும். கடத்துத்திறன் 2 என்றால் கூடுவது கிட்டத்தட்ட 190 டிகிரி. மேல்பகுதிப் பாறை குளிர்ந்தே இருப்பதால் உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். சமநிலைக்கு வரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்பதும் உண்டு. ஆனாலும் 600 டிகிரியில் நிற்கும் பாறைக்கு உருகுநிலையை எட்ட நூறு டிகிரியே போதும் என்னும்போது இந்த வித்தியாசம் முடிவையே மாற்றும்.

ஆய்வின் முக்கியமான வாதம் இதைத் தாண்டிப் போகிறது. சூடேறிய பாறை வெப்பத்தைக் குறைவாகக் கடத்துகிறது. குறைவாகக் கடத்துவதால் பிறக்கும் வெப்பம் அங்கேயே தேங்குகிறது. தேங்குவதால் இன்னும் சூடாகிறது. நீறு பூத்த நெருப்பு இப்படித்தான் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும், தான் எரிந்ததில் உண்டான சாம்பலே தன் சூட்டுக்குக் காப்பாக. கண்டங்கள் மோதும் மாதிரியில் இந்தச் சுழற்சியைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, வழக்கத்துக்கு மீறிய கதிரியக்கம் இல்லாமலே மேலோடு உருகும் வெப்பநிலையை எட்டியது. வெப்பத்துக்குப் புதிய மூலம் ஒன்றைத் தேடாமலே சிக்கல் தளர்ந்தது.

இந்த வாதத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லாத பகுதி ஒன்று உண்டு, அது சறுக்கு வெப்பம். பாறை சூடேறினால் மென்மையாகும், மென்மையானால் அதை நகர்த்தத் தேவைப்படும் தகைவு குறையும், தகைவு குறைந்தால் பிறக்கும் வெப்பமும் குறையும். உருகத் தொடங்கிவிட்டால் வலு சட்டென்று சரிந்துவிடும். ஒரு பக்கம் காப்பு கூடுகிறது, மறுபக்கம் அடுப்பு தணிகிறது. எது வெல்லும் என்பது பாறையின் இயந்திர வலுவை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதே மூவரும் 2010-இல் வலுவின் வெப்பநிலைச் சார்பையும் சேர்த்து விரிவான மாதிரி ஒன்றை வெளியிட்டு, சறுக்கு வெப்பம் தாக்குப்பிடிக்கும் என்றே வாதிட்டார்கள். ஆனால் இயற்கையில் அந்த மண்டலங்களில் நீடித்த தகைவு எவ்வளவு என்பது அவ்வளவு உறுதியாகத் தெரிந்த அளவில்லை. பரவுதிறன் அளவீட்டின் உறுதியும் மாதிரியின் உறுதியும் ஒன்றல்ல. முதலாவது நிற்கும், இரண்டாவது இன்னும் பேச வேண்டியது.

அழுத்தத்தைப் பற்றியும் கேட்பார்கள். அளவீடு நடந்தது சாதாரண வளிமண்டல அழுத்தத்தில். 30 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் 0.8 கிகாபாஸ்கல் அளவு. அழுத்தம் அணுக்களை நெருக்கிப் பரவுதிறனைக் கொஞ்சம் உயர்த்தும், ஆனால் அது சில சதவீதக் கணக்கு. வெப்பநிலையோ பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது. சூடேற்றும்போது மணிகளுக்கிடையே விழும் விரிசல்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை. ஆய்வகத்தில் அவை திறந்து நின்று வெப்பத்தைத் தடுக்கலாம், ஆழத்தில் அழுத்தம் அவற்றை மூடிவிடும்.

மதுரை மேலோட்டில்

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஆய்வு ஏன் நெருக்கமானது என்றால், உலகின் மிகச் சூடான மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றின் மேல் நாம் வாழ்கிறோம். இன்று அது குளிர்ந்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், மதுரைப் பாளம் என்று புவியியலாளர் அழைக்கும் பகுதியின் ஆழ்பாறைகள் 900 டிகிரியைத் தாண்டின. ராஜபாளையம் அருகே சஃபிரின் என்ற கனிமம் குவார்ட்ஸோடு ஒட்டியிருப்பது 2004-இல் அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டும் சேர்ந்து நிலைக்க அவ்வளவு சூடு வேண்டும். கெங்குவார்பட்டிப் பக்கமும் சஃபிரின் கொண்ட பாறைகள் கிடைக்கின்றன.

இமயமலையில் 700 டிகிரியை எட்டவே இவ்வளவு பாடு என்றால் 900 எப்படி வந்தது? 2010 மாதிரி அதையும் சறுக்கு வெப்பத்தால் விளக்கப் பார்க்கிறது. 2015-இல் தென்னிந்தியாவையே எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு, நீண்ட காலம் தடித்தே நின்ற மேலோட்டில் கதிரியக்க வெப்பம் மெல்லச் சேர்ந்ததையே முதன்மையாகக் காட்டியது. எனக்கு இரண்டாவது விளக்கமே இங்கே பொருத்தமாகப் படுகிறது. காரணம், மதுரைப் பாறைகளில் அந்தச் சூடு ஒரு குறுகிய சறுக்கு மண்டலத்தோடு நின்றுவிடவில்லை, பரந்த பகுதியில் பரவியிருக்கிறது. ஆனால் எந்த விளக்கமானாலும் சூடான பாறை வெப்பத்தை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்ற எண் உள்ளே வந்தே தீரும்.

அந்த எண் நம் பாறைகளுக்கே அளக்கப்பட்டிருக்கிறது. 2009 ஆய்வுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2006-இல், லபானி ரேயும் ஜெர்மன் ஆய்வாளர்களும் ஆழத்தில் கடும் சூட்டில் உருமாறிய பாறைகள் கொண்ட தென்னிந்தியக் கிரானுலைட் பகுதியின் சார்னோகைட், எண்டர்பைட், நைஸ் பாறைகளை 550 டிகிரி வரை சூடேற்றி அளந்தார்கள். பல்லாவரம் குன்றுகளில் வெட்டியெடுத்த நீலச்சாயல் கொண்ட கல்லைப் பார்த்தவர்களுக்குச் சார்னோகைட் அறிமுகமானதே. அறை வெப்பநிலையில் அவற்றின் பரவுதிறன் 1.2 முதல் 2.2. அதற்குப் பின் 450 டிகிரிக்குள் 35 முதல் 45 சதவீதம் வரை குறைந்தது. 450-க்கு மேல் பெரும்பாலான பாறைகளில் கதிர்வழி வெப்பம் கலந்து வருவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

2009 சமன்பாட்டை அதே 20 முதல் 450 டிகிரி வரையிலான எல்லையில் போட்டால் குறைவு 60 சதவீதத்தைத் தொடுகிறது. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன, ஆனால் அளவு வேறு. அளக்கும் முறை வேறு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பாறை வேறு என்பது இன்னொன்று: குவார்ட்ஸ் குறைந்து பைராக்சீனும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த பாறை குளிரில் அவ்வளவு நன்றாகக் கடத்துவதில்லை, சூட்டில் அவ்வளவு இழப்பதும் இல்லை. தொடக்கத்தில் அதிகப் பரவுதிறன் உள்ள பாறையே அதிகமாக இழக்கிறது என்று 2006 ஆய்வும் கண்டது.

ஆகவே மதுரைப் பாளத்துக்கு வெப்ப மாதிரி எழுதுகிறவர் 2009 சமன்பாட்டை அப்படியே எடுத்து ஒட்டக்கூடாது. அறை வெப்பநிலையில் 1.6 உள்ள சார்னோகைட் 40 சதவீதம் இழந்தால் 450 டிகிரியில் 0.96 இருக்கும். 2009 சமன்பாடு அதே இடத்தில் 0.72 என்கிறது. 10 கிலோமீட்டர் தடிமனை வெப்பம் கடக்க முன்னது 33 லட்சம் ஆண்டு, பின்னது 44 லட்சம் ஆண்டு. 450 டிகிரிக்கு மேல், கதிர்வழி வெப்பத்தைப் பிரித்துக் காட்டும் லேசர் முறையில் இதே சார்னோகைட் வில்லைகளை 900 டிகிரி வரை கொண்டுபோய் அளந்த எண்களை வைத்தே அந்த மாதிரியை ஓட்ட வேண்டும்.